புதிய மேனேஜரை நினைத்துக் கொதிக்கும் பேஸ்பால் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேஸ்பால் ரசிகர்களே,

வேர்ல்ட் சீரிஸ் எனும் இறுதித் தொடர் முடிந்து மைதானங்களில் விளக்கணைந்ததும், களத்தில் அணியை நடத்தும் மேனேஜர்களின் நியமனக் காலம் தொடங்கிவிடுகிறது. ஓர் அணி ஒரு பெயரை அறிவிக்கிறது. அந்த அணியின் ரசிகர்கள் அன்றே இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு தரப்பு அவருடைய பழைய தவறுகளை எடுத்து வைக்கிறது. இன்னொரு தரப்பு அவர் வென்ற கோப்பைகளை எண்ணிக் காட்டுகிறது. பெரும்பாலும் இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனால் இவரைத் தேர்ந்தெடுத்தது யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், அப்போது அவரிடம் என்னவெல்லாம் கேட்டார்கள் என்ற கேள்வியை இரண்டு தரப்பும் விட்டுவிடுகின்றன. பல நியமனங்கள் கவிழ்வது அந்த இடத்தில்தான். 2020 அக்டோபரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் நடந்ததைப் படிப்படியாகப் பார்த்தால் இது விளங்கும்.

அந்த ஆண்டு கொரோனாவால் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய பருவத்தில் ரிக் ரென்டேரியாவின் கீழ் ஒயிட் சாக்ஸ் 35 ஆட்டங்களில் வென்று, 2008க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப் எனும் கோப்பைச் சுற்றுக்குச் சென்றது. ஓக்லாந்துக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் ஒன்பது பிட்சர்களை (பந்துவீச்சாளர்களை) பயன்படுத்தி 6-4 எனத் தோற்று வெளியேறியது. அக்டோபர் 12 அன்று ரென்டேரியா விடுவிக்கப்பட்டார். அன்று, ஆட்டக்காரர்களையும் மேனேஜரையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்த ஜெனரல் மேனேஜர் ரிக் ஹான், அண்மை ஆண்டுகளில் வெற்றி அணியொன்றில் அக்டோபர் (பிளேஆஃப்) அனுபவம் பெற்றவரைத் தேடுகிறோம் என்ற பொருளில் பேசினார். பதினேழு நாள் கழித்து, அக்டோபர் 29 அன்று, அறிவிக்கப்பட்ட பெயர் டோனி லா ரூசா. வயது 76. கடைசியாக அவர் ஓர் அணியின் மேனேஜராக இருந்த போட்டி ஆட்டம் 2011 அக்டோபர் 28 அன்று நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம்.

லா ரூசாவின் தகுதியை யாரும் குறைத்துச் சொல்லமுடியாது. 1989இல் ஓக்லாந்து, 2006இலும் 2011இலும் செயின்ட் லூயிஸ் என மூன்று வேர்ல்ட் சீரிஸ் வெற்றிகள். 2014இல், ஆட்டத்தின் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். ஆனால் இந்த நியமனத்தின் வேர் வேறு இடத்தில் இருந்தது. 1986இல் இதே ஒயிட் சாக்ஸ் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அப்போதும் இப்போதும் உரிமையாளர்களின் தலைவர் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப். அந்த நீக்கத்தை எண்ணி வருந்துவதாக அவர் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். முப்பத்து நான்கு ஆண்டு பழைய வருத்தம் ஒன்று, ஜெனரல் மேனேஜர் பதினேழு நாள் முன்பு சொன்ன அளவுகோலைத் தள்ளிவிட்டது. 'அண்மை' என்ற அந்த ஒரு சொல்லை அன்றைக்கே பிடித்துக்கொண்டு கேட்டிருக்கவேண்டும். ரசிகர்களில் பெரும்பாலோர் அதை விட்டுவிட்டு வயதைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

வயது ஒரு வாதமே அல்ல. 2003 மே மாதம் ஃப்ளோரிடா மார்லின்ஸ் 72 வயது ஜாக் மெக்கியனை நடுப்பருவத்தில் அழைத்தது; அந்த அக்டோபரில் கோப்பை வென்றது. டஸ்டி பேக்கர் 2020 ஜனவரியில் 70 வயதில் ஹூஸ்டனுக்கு வந்து, 2022இல் 73 வயதில் வேர்ல்ட் சீரிஸ் வென்றார். புரூஸ் போச்சி மூன்று ஆண்டுகள் விலகியிருந்து, 67 வயதில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு வந்து, முதல் ஆண்டிலேயே, 2023இல், வென்றார். லா ரூசா ஒன்பது ஆண்டுகளாக டக்அவுட்டில் (மைதான ஓரத்தில் அணி அமரும் இடம்) இல்லை. அந்த ஒன்பது ஆண்டுகளில் ஆட்டத்தின் விதிகள் எவ்வளவு மாறின என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை மாற்றுவது, ஆட்டக்காரர்களை நிறுத்துவது எல்லாம் களத்தில் இருக்கும் கேப்டனின் வேலை; கோச் வெளியே இருக்கிறார். பேஸ்பாலில் அந்த அதிகாரம் முழுவதும் மேனேஜரிடம். பேட்டிங் வரிசை, பிட்சரை எப்போது எடுப்பது, யாருக்குப் பதில் யார், நடுவர் முடிவை எதிர்ப்பதா என எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை அணிந்து டக்அவுட்டில் நிற்கும் அவர்தான் முடிவு செய்கிறார், வருடத்துக்கு 162 முறை. அதனால் விதிப்புத்தகத்தில் ஒரு வரி மாறினாலும் அவர் வேலை மாறிவிடும்.

2011க்குப் பிறகு மாறியவற்றைப் பாருங்கள். 2014இல் வீடியோ மறுபரிசீலனை விரிவாக்கப்பட்டு மேனேஜர்களுக்கு நடுவர் முடிவை எதிர்க்கும் 'சேலஞ்ச்' கிடைத்தது. 2020இல் மூன்று பேட்டர் விதி வந்தது: உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்கவேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்கவேண்டும். ஓர் இடதுகை பேட்டருக்காக மட்டும் ஓர் இடதுகைப் பிட்சரைக் கொண்டுவருவது லா ரூசா தானே வளர்த்த வித்தை; அது அன்றோடு போயிற்று. அதே ஆண்டு, கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரருடன் தொடங்கும் விதியும் வந்தது. அணியின் பட்டியல் 25 பேரிலிருந்து 26 ஆனது.

அந்த ஓட்டக்காரர் விதிதான் அவர் காலை வாரியது. 2021 மே 5, சின்சினாட்டி. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து 0-0. விதிப்படி, பத்தாவது இன்னிங்ஸின் முதல் பேட்டருக்கு வரிசையில் முந்தைய இடத்தில் இருப்பவர் இரண்டாம் பேஸில் நிற்கவேண்டும். நேஷனல் லீக் மைதானம் என்பதால் அன்று பிட்சரும் பேட்டிங் வரிசையில் இருந்தார்; அந்த முந்தைய இடத்தில் இருந்தவர் பிட்சர் லியம் ஹெண்ட்ரிக்ஸ். அவரையே நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட நிலையில் பிட்சருக்கும் முந்தைய இடத்தில் இருப்பவரை நிறுத்தலாம் என்று விதியிலேயே சலுகை இருந்தது. அந்த இடத்தில் இருந்தவர் ஹோசே அப்ரேயு. லா ரூசாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை; ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்களிடம் அவரே ஒப்புக்கொண்டார். ஒயிட் சாக்ஸ் 1-0 எனத் தோற்றது. தங்கள் முக்கியமான ரிலீவர் (ஆட்டத்தின் நடுவே வரும் மாற்றுப் பிட்சர்) காயம்படும் அபாயத்தோடு பேஸில் ஓட நின்றதும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள். 2011க்குப் பின் வந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சிக்கலான ஒரு நிலையைச் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நேர்காணலில் அரைமணி நேரம் கேட்டிருந்தால் இந்த ஓட்டை அன்றே தெரிந்திருக்கும். உரிமையாளர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒருவரிடம் யாரும் அப்படி உட்கார்ந்து கேட்பதில்லை.

இரண்டாவது ஓட்டை, இளம் ஆட்டக்காரர்களுடனான உறவு. 2021 மே 17 அன்று மினியாபோலிஸில் ஒயிட் சாக்ஸ் 15-4 என முன்னணியில் இருந்தபோது, எதிரணியான ட்வின்ஸ், பிட்சர் அல்லாத வில்லியன்ஸ் அஸ்டுடியோவைப் பந்துவீச அனுப்பியது. மூன்று பால், ஸ்ட்ரைக் இல்லை என்ற, பேட்டருக்கு முழுச் சாதகமான நிலையில், மணிக்கு 47 மைல் வேகத்தில் வந்த பந்தை எர்மின் மெர்செடிஸ் ஹோம் ரன் அடித்தார். இவ்வளவு பெரிய முன்னணியில் அப்படி அடிப்பது மரியாதையல்ல என்பது பேஸ்பாலின் எழுதாத வழக்கம். அடிக்காமல் விடும்படி சைகை கொடுத்தும் மீறிவிட்டார் என்று லா ரூசா செய்தியாளர்கள் முன் கண்டித்தார். அடுத்த நாள் ட்வின்ஸ் பிட்சர் டைலர் டஃபி, மெர்செடிஸுக்குப் பின்னால் போகும்படி பந்தெறிந்தார். அதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார் சொந்த அணியின் மேனேஜர். லீக்கோ டஃபிக்கு மூன்று ஆட்டத் தடை விதித்தது. லான்ஸ் லின், டிம் ஆண்டர்சன் போன்ற முன்னணி ஆட்டக்காரர்கள் பொதுவெளியில் மெர்செடிஸின் பக்கம் நின்றார்கள். சைகையை மீறியது தவறுதான். அதைப் பேச மேனேஜருக்கு ஓர் அறை இருக்கிறது, கதவும் இருக்கிறது. எதிரணி தன் ஆட்டக்காரரைக் குறிவைத்த பிறகும் அவரைக் காக்காத மேனேஜருக்காக ஓர் இளம் ஆட்டக்காரர் வலியோடு ஆட வருவாரா? மெர்செடிஸ் ஜூலையில் கீழ்மட்டமான மைனர் லீக்கிற்கு அனுப்பப்பட்டார். அவர் ஆட்டம் சரிந்ததற்கு இந்தச் சம்பவம்தான் காரணம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பிட்சர்கள் அவரைப் படித்துவிட்டதும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, 2022 ஜூன் 9. டாட்ஜர்ஸுக்கு எதிராக, ட்ரே டர்னருக்கு ஒரு பால், இரண்டு ஸ்ட்ரைக் என இருந்தபோது ஒரு பந்து தவறி ஓடியது. ஓட்டக்காரர் இரண்டாம் பேஸுக்கு முன்னேறினார். முதல் பேஸ் காலியானதும் லா ரூசா டர்னருக்கு வேண்டுமென்றே வாக் (பந்தை அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் அனுமதி) கொடுக்கச் சொன்னார். அந்த எண்ணிக்கைக்கு வந்துவிட்ட பேட்டர்களின் சராசரி லீக் முழுவதும் .200க்குக் கீழே இருக்கும். எவ்வளவு சிறந்த பேட்டராக இருந்தாலும் அந்த நிலையில் பிட்சருக்குத்தான் சாதகம். இடதுகைப் பிட்சருக்கு எதிரே அடுத்து வருபவரும் இடதுகை பேட்டர், அதனால் பிட்சருக்குச் சாதகம் என்பது அவர் கணக்கு. அடுத்து வந்த மேக்ஸ் மன்சி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் 11-9 எனப் போனது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: 2019 பருவத்தின் 162 ஆட்டங்களிலும் ஒரே ஒரு வேண்டுமென்றே கொடுத்த வாக் கூட இல்லாமல் முடித்தது ஏ. ஜே. ஹிஞ்ச் நடத்திய ஹூஸ்டன்.

லா ரூசாவை ஆதரித்தவர்கள் 2021இன் 93 வெற்றிகளைக் காட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் அந்த ஆண்டு அந்த அணி ஆடிய பிரிவில் தோல்விகளைவிட அதிகம் வென்ற ஒரே அணி ஒயிட் சாக்ஸ். இரண்டாம் இடத்தில் வந்த கிளீவ்லாண்ட் 80 வெற்றி, 82 தோல்வி. அடுத்த ஆண்டு ஒயிட் சாக்ஸ் 81-81. காயங்கள் அதற்கு ஒரு பெரிய காரணம். 2022 ஆகஸ்ட் 30 அன்று உடல்நலக் காரணத்தால் அவர் விலகியிருந்தார். அக்டோபரில் பதவியை விட்டார். ஒரே ஆளை வைத்து இந்த எண்களைப் பாராட்டுவதும் திட்டுவதும் சரியல்ல. மேனேஜரின் பங்கைத் தனியே பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. அணி எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்கள். 700 ரன் எடுத்து 650 கொடுத்த அணிக்கு 0.537 வரும், 162ஆல் பெருக்கினால் 87 வெற்றி. உண்மையில் 80 வென்றிருந்தால், நெருக்கமான ஆட்டங்களில் என்ன நடந்தது என்று தோண்டலாம். ஒரே ஆண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். நாலைந்து வெற்றிகள் அதிர்ஷ்டத்தாலேயே கூடவோ குறையவோ செய்யும்.

இனி, குற்றப் பின்னணி. இதைப் பற்றி எங்களுக்கும் கடுமையான கருத்து உண்டு. லா ரூசா 2020 பிப்ரவரியில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய சந்தேகத்தில் அரிசோனாவில் கைதானார். வழக்குப் பதிவானது அக்டோபர் 28 அன்று, நியமனத்துக்கு முந்தைய நாள். செய்தி வெளியானது நவம்பரில். அணி நிர்வாகத்துக்குக் கைது பற்றி முன்பே தெரியும். 2007இல் ஃப்ளோரிடாவிலும் இதே குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டிருந்தார். 2020 வழக்கில், டிசம்பரில், கவனமின்றி வண்டி ஓட்டியதாகக் குறைக்கப்பட்ட குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டாவது கைது என்று தெரிந்தும் ரசிகர்களிடம் சொல்லாமல் அறிவிப்பு மேடையில் அவரை அமர்த்தியது நிர்வாகத்தின் தவறு. அறிவிக்கும் நாளிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

தெரிந்தும் மறைத்தது சிகாகோ. தெரிந்துகொள்ளவே முயலாத அணிகளும் உண்டு. 2004 நவம்பர் 1 அன்று அரிசோனா டைமண்ட்பேக்ஸ் வாலி பேக்மனை மேனேஜராக அறிவித்தது. கைதுகளும் திவால் விவகாரமும் நியூயார்க் டைம்ஸில் வெளிவந்தன. பின்னணி விசாரணையே செய்யாமல் நியமித்திருந்த அணி, நான்கே நாளில் அவரை நீக்கியது. நீதிமன்றப் பதிவுகளைத் தேட எத்தனை நாள் ஆகும்? 2019 நவம்பரில் நியூயார்க் மெட்ஸ் கார்லோஸ் பெல்ட்ரானை நியமித்தது. பிட்சர் எப்படிப்பட்ட பந்தை எறியவேண்டும் என்று எதிரணி காட்டும் சைகைகளை ஹூஸ்டன் அணி கேமரா வைத்துத் திருடிய விவகாரம் சில நாளில் வெடித்தது. 2020 ஜனவரி 13 அன்று வந்த லீக் அறிக்கையில் பெயர் சொல்லப்பட்ட ஒரே ஆட்டக்காரர் பெல்ட்ரான். ஜனவரி 16 அன்று, ஓர் ஆட்டம்கூட நடத்தாமல், விலகினார். அதே மெட்ஸ் 2021 ஜனவரியில், பெண் செய்தியாளர் ஒருவருக்கு ஆபாசக் குறுஞ்செய்திகள் அனுப்பியது வெளிவந்ததும் ஜெனரல் மேனேஜர் ஜாரெட் போர்ட்டரை நீக்கியது. அவரைத் தேர்ந்தெடுக்கும்போது பெண்கள் யாரிடமாவது விசாரித்தீர்களா என்று கேட்டபோது, இல்லை என்று அணியின் தலைவர் சாண்டி ஆல்டர்சன் ஒப்புக்கொண்டார். ஒருவரைப் பற்றி அவருக்கு மேலே இருந்தவர்களிடம் மட்டும் விசாரித்தால் நல்ல சொல்தான் கிடைக்கும். உடைமாற்றும் அறை ஊழியர், பயிற்சி மருத்துவக் குழு, பயண ஏற்பாட்டாளர், செய்தியாளர்களோடு வேலை செய்தவர், முக்கியமாக அங்கே வேலை பார்த்த பெண்கள் எனக் கீழே இருந்தவர்களிடம் பேசவேண்டும்.

தண்டனை அனுபவித்துத் திரும்பியவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். இதில்தான் விவரங்கள் அதிகம் குழம்புகின்றன. ஹூஸ்டன் விவகாரத்தில் ஹிஞ்சுக்கும் அலெக்ஸ் கோராவுக்கும் 2020 முழுவதும் தடை. இரண்டும் ஒன்றல்ல. குப்பைத்தொட்டியைத் தட்டிச் சைகை சொல்லும் முறையை உருவாக்கியதில் அப்போது மேனேஜருக்கு உதவும் பெஞ்ச் கோச்சாக இருந்த கோராவுக்குப் பங்கு உண்டு என்றது அறிக்கை. ஹிஞ்ச் அதை விரும்பவில்லை, சைகைகளைப் பார்க்க வைத்த திரையை இரண்டு முறை உடைத்தார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை என்றது. 2018இல் பாஸ்டன் அணியில் நடந்த சைகைத் திருட்டு விவகாரம் தனி. அதில் குற்றம் வீடியோ அறை ஊழியர் மேல்தான் நின்றது. 2020 அக்டோபர் 30 அன்று டெட்ராய்ட் ஹிஞ்சையும், நவம்பர் 6 அன்று பாஸ்டன் கோராவையும் எடுத்தன. கோராவின் பாஸ்டன் 2021இல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடர்வரை போனது. ஹிஞ்சின் டெட்ராய்ட் 2022இல் 96 ஆட்டங்கள் தோற்றது. 2024இல் பத்து ஆண்டுகளுக்குப் பின் பிளேஆஃப் சென்று, ஹூஸ்டனையே வீழ்த்தியது. அணி வென்றதால் பழைய தவறு கழுவப்பட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஹிஞ்சிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் அறையில் உங்கள் ஆட்டக்காரர்கள் தவறு செய்வதைப் பார்த்தும் ஏன் வாயால் சொல்லவில்லை, அடுத்த முறை முதல் நாள் என்ன செய்வீர்கள்? அதற்கு அவர் எந்த அளவு நேராகப் பதில் சொல்கிறார் என்பதை வைத்து மன்னியுங்கள், அல்லது மன்னிக்காதீர்கள்.

பதவியேற்ற மேனேஜரை எடைபோட முதல் நாற்பது ஆட்டங்களில் புல்பென்னை (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்; அவர்களின் குழுவுக்கும் அதே பெயர்) கவனியுங்கள். நோட்டில் ஐந்து நெடுவரிசை போதும்: தேதி, ரிலீவர் பெயர், எறிந்த பந்துகள், எந்த இன்னிங்ஸ், உள்ளே வந்தபோது ஸ்கோர். ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வந்தாரா, ஐந்து நாளில் நான்கு முறை வந்தாரா என்று பாருங்கள். ஆறு ரன் முன்னணியில் சிறந்த ரிலீவரைச் செலவழித்தாரா? டிவி காட்டினால் இன்னொன்றையும் குறியுங்கள்: புல்பென்னில் எழுந்து உடலைச் சூடேற்றி, உள்ளே வராமலே உட்கார்ந்தவர்கள். சூடேற்ற ஒருவர் இருபது பந்துக்கு மேல் எறிவார்; அது எந்த அட்டவணையிலும் வராது, ஆனால் கையில் சேரும். ஏப்ரலில் இப்படிச் சேர்ந்த களைப்பு ஆகஸ்டில் தோள்வலியாக வெளிப்படலாம். ஆகஸ்ட் முடியும்வரை பட்டியலில் 13 பிட்சர்களுக்கு மேல் வைக்கமுடியாது என்ற விதி 2022 ஜூனிலிருந்து நடப்பில் இருப்பதால், பழையபடி ஆள் கூட்டித் தப்பிக்க வழியில்லை. 2025 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ், தொழில்முறை பேஸ்பாலில் ஒரு நாளும் கோச்சாக இல்லாத டோனி வைடெல்லோவை டென்னசி பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்ததும் சர்ச்சையானது. அங்கே கேட்கவேண்டியதும் இதையே: கல்லூரியில் வழக்கமான பருவம் 56 ஆட்டம், வாரத்துக்கு நாலைந்து; இங்கே வாரத்துக்கு ஆறு, ஆறு மாதம். புல்பென்னைப் பங்கிட அவருக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைத்திருக்கிறார்கள்?

சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு அணியில் ஒரு தொடர்பாளர் இருப்பார். புதுப்பிக்கச் சொல்லி அவர் அழைக்கும்போது, பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை பேரை நேர்காணல் செய்தீர்கள்? சிறுபான்மை இனத்தவரையும் பரிசீலிக்கவேண்டும் என்ற 1999ஆம் ஆண்டு லீக் வழிகாட்டுதலை உண்மையாகப் பின்பற்றினீர்களா, பெயருக்கா? பின்னணி விசாரணையில் எத்தனை பேரிடம் பேசினீர்கள், அதில் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் எத்தனை? இறுதி முடிவு ஜெனரல் மேனேஜருடையதா, உரிமையாளருடையதா? தொடர்பாளருக்குப் பதில் தெரியாது, மேலே அனுப்புவார். ஒரே வாரத்தில் இருநூறு பேர் இதே நான்கு கேள்விகளை அனுப்பினால் டிக்கெட் பிரிவின் தலைவர் அதை ஜெனரல் மேனேஜரின் மேசைக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும். பதில் வந்தால், அது மழுப்பலாக இருந்தாலும், எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஸ்கோர் நோட்டோடு ஆட்டம் பார்க்கும் சில ரசிகர்கள்